சாம்பல் அரசனின் தம்பி

"மொத்தக் குடும்பமும் தீயில செத்துப் போச்சு. அப்போ வில்லனுக்கு ஏழு வயசு. சரியா?"

"சரிங்க சார்."

"அப்ப இந்தத் தம்பி எங்கேர்ந்து வந்தான்?"

பதில் சொல்ல வேண்டியவன் கதைக்காரன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஊரறிந்த வக்கீல். அவருடைய குறுக்கு விசாரணையில் சிக்கியவர்கள் கூண்டிலிருந்து இறங்கும்போது தங்கள் பெயரையே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்களாம். அவருடைய ஒரே மகளைத்தான் கதைக்காரன் காதலித்துத் தொலைத்திருந்தான்.

பெண் கேட்டு வந்தபோது அவர் திட்டவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. "என்ன வேலை பாக்குறீங்க?" என்று மட்டும் கேட்டார். வீடியோ கேமுக்குக் கதை எழுதுவதாகச் சொன்னான். டிராகன், மந்திரவாதி, வாள்சண்டை. ஆடுகிறவரே வீரனாக மாறி, நாடு நாடாக அலைந்து, கடைசியில் சாம்பல் அரசன் என்கிற வில்லனை வீழ்த்த வேண்டும். "நான் ஆடிப் பாக்குறேன். அப்புறம் பதில் சொல்றேன்" என்றுவிட்டார்.

சொன்னபடியே மூன்று வாரம் ஆடினார். முதல் வாரம் குதிரையில் ஏறுவதற்கே சரியாகப் போயிற்று. மூன்றாவது வாரம் சாம்பல் அரசனைக் கொன்று முடித்த கையோடு, அவனுடைய முன்கதையில் இருந்த ஓட்டைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கதைக்காரனை வீட்டுக்கு வரச் சொன்னார்.

"அது வந்து... ஒண்ணுவிட்ட தம்பி சார்."

"ஓஹோ. ஒண்ணுவிட்ட தம்பி. அப்புறம் ஏன் வில்லன் அந்தத் தம்பியோட பொணத்து மேல விழுந்து, 'ஒரே வயித்துல பொறந்தோமே'ன்னு அழறான்?"

"துக்கத்துல சார். துக்கத்துல மனுஷன் என்னென்னவோ சொல்வான் இல்லையா?"

வக்கீல் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"டிராகன் கடிச்சு வில்லனுக்கு இடது கை போயிடுச்சு. முடிசூட்டும்போது ரெண்டு கையாலயும் கிரீடத்த எடுத்துத் தலையில வச்சுக்கிறான்."

"அது மந்திரக் கை சார். வேணும்போது முளைக்கும்."

"வேணும்போது முளைக்கும். சரி. அப்புறம் மலை விளிம்புல தொங்கிக்கிட்டு, 'ஒத்தக் கையால எப்படி ஏறுவேன்'னு பொலம்புறானே, அப்ப வேணாமா?"

உள்ளே அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, விடுங்கப்பா! அது வெறும் கேமு."

"நீ சும்மா இரு. விசாரணை நடக்குது."

ஓர் ஓட்டையை அடைக்கப் போனால் பக்கத்தில் இரண்டு கிழிகிறது. செய்கிற ஒரே வேலையையும் இந்த லட்சணத்தில் செய்கிறவனுக்கு எந்த அப்பன் பெண் கொடுப்பான்? எழுந்து ஓடிவிடலாமா என்று கதைக்காரன் பார்த்தான். கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்பதுதான் அவனை நாற்காலியில் பிடித்து வைத்திருந்தது.

"தம்பி விஷயத்துக்கே வருவோம்" என்றார் வக்கீல். "ஒண்ணுவிட்டது ரெண்டுவிட்டதெல்லாம் வேணாம். உண்மையச் சொல்லுங்க. எதுக்கு அவன உள்ள கொண்டு வந்தீங்க?"

"முதல்ல தம்பியே கிடையாது சார். பாதி வேலை முடிஞ்சதும் ஆடிப் பாத்தேன். அவ்வளவு பெரிய மாளிகையில வில்லன் தனியா உக்காந்து சாப்பிடுறான். எனக்கே தாங்கல. பக்கத்துல யாராவது இருக்கட்டுமேன்னு ஒரு தம்பியப் போட்டேன். குடும்பம் மொத்தமும் செத்துட்டதா எழுதினது மறந்தே போச்சு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. ஒரு ராஜா பொண்ணு குடுக்கலங்கிற கோவத்துலதான் சாம்பல் அரசன் ஏழு நாட்டையும் கொளுத்துறான். அந்த ராஜாகிட்ட இவன் எப்ப போய்ப் பொண்ணு கேட்டான்?"

கதைக்காரன் மனசுக்குள்ளேயே கதையை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தான். அப்படி ஒரு காட்சியே இல்லை.

"கேக்கவே இல்ல சார்."

"ஏன்?"

"பயந்திருப்பான் சார்."

"மூணு டிராகன் வளக்கிறவன், ஒரு கெழவனுக்கா பயப்படுவான்?"

"டிராகன் வேற சார். இது பொண்ணோட அப்பா."

கதவுக்குப் பின்னால் சிரிப்பு பீறிட்டது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார்.

"மொத்தம் இருபத்து மூணு ஓட்டை. ஒண்ணையாவது உங்களால அடைக்க முடிஞ்சுதா?"

"இல்ல சார்." கதைக்காரன் எழுந்துவிட்டான். "உங்க பொண்ண நல்லா பாத்துக்குவேன்னு சொல்லத்தான் வந்தேன். இவ்வளவுக்கும் அப்புறம் அதையும் நீங்க நம்ப மாட்டீங்க. நான் கிளம்பறேன்."

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் வக்கீல். "முப்பது வருஷமா நான் நடத்துறது பூராவும் விவாகரத்து கேஸ். பொண்டாட்டிய ஏமாத்தினவன் சொன்ன கதையில ஒரு ஓட்டை, ஒரே ஒரு ஓட்டை, நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல."

பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"அம்மாடி, இவரு உன்கிட்ட எதை மறைச்சாலும் அரை மணி நேரத்துல மாட்டிக்குவாரு. தைரியமா கட்டிக்கோ!"