ரெண்டு லைன் சிலிண்டர்

மெக்கானிக் காசி ரெண்டு பிரேக் மாஸ்டர் சிலிண்டரை எடுத்து வைத்தான்.

"இது நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். அது முன்னாடி தனி, பின்னாடி தனி. ஒண்ணு புட்டுக்கிட்டாலும் இன்னொண்ணு பிடிக்கும். வெலை ஜாஸ்தி. உங்க பழைய ஜீப்புக்கு ஒரே லைனே போதுங்க."

"ரெண்டு லைனே போடுங்க," என்றார் டிரைவர் முருகவேல்.

"மலையில ஓட்டறவருக்கு இவ்ளோ பயமா?"

முருகவேல் சிரித்தார். எதிர் டீக்கடையில் அவர் கூட்டிவந்த கல்யாணக் கோஷ்டி கும்மாளமாக இருந்தது.

காசி ஜீப்பில் ஏறி பிரேக்கை மிதித்தான். பெடல் நேரே தரைக்குப் போனது.

"எப்பங்க போச்சு?"

"காலையில, ஜமுனாமரத்தூர் தாண்டி, எறக்கம் ஆரம்பிக்கும்போது."

"அவ்ளோ வளைவையும் எப்படி எறங்குனீங்க?"

"கியர்லயேதான். மெதுவா பேசுங்க, கல்யாணப் பொண்ணு அங்க இருக்குது. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

காசி ஒரே லைன் சிலிண்டரை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, ரெண்டு லைனை மாட்ட ஸ்பேனரை எடுத்தான்.