கலர் மேப் வாட்ச்

"கயித்தை மட்டும் விட்டுடாதீங்க மாமா," என்றான் மச்சினன், முன்னால் நடந்துகொண்டே.

மாமா விடுவதாக இல்லை. அந்த ஒரு முழக் கயிற்றின் மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. மலைப்பாதையின் அகலம் ஒன்றரை அடி. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பாதாளம்.

பத்து நிமிடம் முன்புவரை அவர்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நடக்கும் மலை ஓட்டப் பந்தயத்துக்கு இருவரும் ஜோடியாகப் பேர் கொடுத்திருந்தார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாக இதே பாதையில்தான் பயிற்சி. இன்று இறங்கும்போது மூடுபனி வந்து கவிந்துகொண்டது. மாமாவுக்குத் தன் நீட்டிய கையே தெரியவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட, மச்சினன் பாறையைத் தடவியபடி அவரைத் தாண்டி முன்னால் போய்விட்டான்.

மாமா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டே இருபது வருஷம் பிழைத்தவர். இங்கே மிதிக்கப் பிரேக் இல்லை. வலது கால் மட்டும் தன்பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தது.

"அப்பவே சொன்னேன், கேட்டியா? அந்தப் புது வாட்ச்சை வாங்கியிருந்தா இந்நேரம் கலர்ல மேப் காட்டியிருக்கும். ஓடுறப்ப நீ ஒண்ணும் பாக்க வேணாம்டா, நானே எட்டிப் பாத்துச் சொல்றேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

"அதுல எல்லாமே வழவழன்னு கண்ணாடி மாமா. இதுல அஞ்சு பட்டன். விரலுக்குப் பழகிப்போச்சு."

பட்டனாம், பெரிய பட்டன்! மாமாவுக்குப் பயத்திலும் எரிச்சல் வந்தது. ஐந்து வருஷத்துப் பழைய ஜி.பி.எஸ். வாட்ச். முகப்பில் விழுந்த கீறலில் பாதி எண்கள் தெரியாது. உருப்படியாகச் செய்வது ஒன்றே ஒன்றுதான்: பதிந்து வைத்த பாதையை விட்டு விலகினால் மணிக்கட்டில் கிர்ரென்று அதிரும். புதியதைக் கடைக்காரர் இன்று மாலை வரை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பஞ்சாயத்து. மாமா இப்போது தீர்மானித்துவிட்டார். உயிரோடு இறங்கினால் முதல் வேலை புது வாட்ச்.

கிர்ர்...

மச்சினன் சட்டென்று நின்றான். மாமா அவன் முதுகில் போய் மோதினார்.

"என்னடா?"

"தடம் மாறிட்டோம். அசையாதீங்க."

அவன் ஒரு காலை நீட்டி நிலத்தைத் துழாவினான். ஒரு கல் உருண்டு போயிற்று. அது கீழே விழும் சத்தத்துக்காக மாமா காத்திருந்தார். மூன்று வரை எண்ணியும் சத்தம் வரவில்லை.

"மாப்ளே, இங்கயே உக்காந்துடலாம்டா. பனி விலகட்டும்."

"குளிர்ல விறைச்சுப் போயிடுவோம். இப்பவே உங்க பல்லு தந்தியடிக்கிறது எனக்குக் கேக்குது. ரெண்டடி வலப்பக்கம் வாங்க."

இரண்டாவது அடியில் மாமாவின் ஷூ வழுக்கியது. உடம்பு பள்ளத்துப் பக்கம் சாய, மச்சினன் கயிற்றை வெடுக்கென்று இழுத்து அவரைப் பாறையோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது. அந்த நேரம் பார்த்து வாட்ச் 'பீப்' என்றது. சார்ஜ் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை.

"செத்தோம்!" மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்கக்கா என்ன சொல்லி அனுப்பினா தெரியுமா? நீங்க கூட இருக்கீங்கன்னுதான் இவனை விடுறேன்னா. அவளுக்கு இப்ப நான் என்னடா பதில் சொல்றது?"

"இறங்கிப் போய் நேர்லயே சொல்லுங்க. வாங்க."

மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். திறந்தாலும் வெறும் வெள்ளைதான். மூடினால் பள்ளத்தின் நினைப்பாவது கொஞ்சம் குறையும். ஒரு கையில் கயிறு, மறு கை மச்சினனின் தோளில். "வளைவு... தலையைக் குனிங்க, கிளை இருக்கு... இனி ஏழு படி இறக்கம்," என்று அவன் சொல்லச் சொல்ல, எண்ணி எண்ணிக் கால் வைத்தார். இடையிடையே அந்த அதிர்வு வரும். அவன் நிற்பான், திரும்புவான், மறுபடி நடப்பான். செய்த பாவமெல்லாம் மாமாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமலே அவர் லைசென்ஸ் வாங்கித் தந்தவர்கள் உட்பட.

கடைசியில் காலடியில் சரளைக்கல் நறநறத்தது. அடிவாரம். மாமா கண்ணைத் திறக்காமலே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே... கடைக்காரருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடுறேன். இதுக்குப் பேட்டரி மட்டும் மாத்திக்குவோம்."

"நெஜமாவா மாமா?"

"கலர் மேப்பை வச்சுக்கிட்டு இந்தப் பனியில நான் என்னத்தைப் பாத்துக் கிழிச்சிருப்பேன்!"

சாவடியிலிருந்து வனக்காவலர் அம்மா கம்பளியோடு ஓடி வந்தார். கண்ணை மூடியபடி, கயிற்றை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்த மாமாவைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார். பிறகு மச்சினன் பக்கம் திரும்பிக் கடிந்துகொண்டார்.

"ஏம்ப்பா, கண்ணு தெரியாதவரை இந்த மாதிரி நாள்லயா மலைக்குக் கூட்டிட்டுப் போவே?"

"அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும் மேடம். எனக்குத்தான் பொறந்ததுல இருந்தே தெரியாது."