மாதாவோடு தனியாக

இப்போதெல்லாம் ஜனங்கள் மாதாவைப் பார்க்க வருவதில்லை. மாதாவை வரைந்தவனைப் பார்க்க வருகிறார்கள். செத்து ஐந்நூறு வருஷம் ஆன ஓவியனுக்கு ஊர் ஊராக யாத்திரையாம், அதற்கொரு குளிர்சாதனப் பேருந்தாம். முழங்கால் போடத் தெரியாத கூட்டம் என்று முனகியபடி, சிற்றாலயத்தின் வாசலை மறித்து நின்றார் ஃபோஸ்கோ. வாயில் சுருட்டு, இடுப்பில் சாவி.

“பை, குடை, கோட்டு எல்லாம் வெளியே. உள்ளே வெறுங்கையோடதான் போகணும்.”

“ஐயா, இவங்கல்லாம் படிச்சவங்க. ஓவியத்தைப் பார்த்ததும் அழுதுடுவாங்க” என்றாள் வழிகாட்டி லுடோவிக்கா.

“அழுறவன் திருட மாட்டான்னு யார் சொன்னா?”

உள்ளே இருப்பது ரொட்டி வெட்டும் பலகை அளவில் ஒரே ஒரு மர ஓவியம். நீல அங்கி, மேடிட்ட வயிறு, அதன்மேல் ஒரு கை: நிறைமாத மாதா. தலைநகரத்து அருங்காட்சியகத்தார் கெஞ்சிக் கேட்டும் ஊர் கொடுக்கவில்லை. எங்கள் பெண்கள் பிறகு யார் முன்னால் போய் நிற்பார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது.

ஃபோஸ்கோவின் மருமகள் நீவெஸ் வாசற்படியில் காத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். மூன்றாவதைச் சுமந்துகொண்டு மிலானிலிருந்து இந்தக் குன்றுக்கு வந்ததே மாதாவை நம்பித்தான். இனி எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டதால், இன்று அவள் உள்ளே போகும் நாள்.

நிறைமாதக்காரி வந்தால் ஆலயத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவைச் சாத்தி அவளை மாதாவோடு தனியாக விட வேண்டும். பிஷப்பே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். சாவிக்காரனும் முதுகைத் திருப்பிக்கொள்வான். அந்த ஊரில் அதை யாரும் மீறியதில்லை.

பயணிகள் உள்ளே போனார்கள், கண்ணைக் கசக்கினார்கள், வெளியே வந்தார்கள். நீவெஸ் எழுந்தபோது, பேருந்திலிருந்து தொளதொள கவுனில் ஒரு பெண் மெல்ல இறங்கி வந்தாள்.

“கமில்லாவும் நிறைமாசம்தான் ஐயா. உங்க ஊர் வழக்கத்தைக் கேட்டதும் தானும் தனியாக் கும்பிடணும்கிறா. நாங்க உடனே கிளம்பணும். அவ முதல்ல போகட்டுமே?” என்றாள் லுடோவிக்கா.

“நிறைமாசத்துல பஸ்ல ஊர் சுத்துறாளா?”

நீவெஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கர்ப்பிணிகள் சந்தித்தால் செய்வதுபோல, வந்தவளின் வயிற்றில் உள்ளங்கையை வைக்கப் போனாள். கமில்லா வெடுக்கென்று பின்வாங்கினாள்.

“நகரத்துப் பொண்ணு. கூச்சம்” என்று சிரித்தாள் லுடோவிக்கா.

ஃபோஸ்கோ மருமகளின் காதருகே குனிந்தார். “பஞ்சு வயிறும்மா இது. பஞ்சை உள்ளே போட்டுட்டு, மாதாவைக் கவுனுக்குள்ள சொருகிக்கிட்டு வரப்போறா, பாத்துக்கிட்டே இரு.”

“வாயை மூடுங்க மாமா! பிள்ளைத்தாச்சியைச் சந்தேகப்பட்டா அந்தப் பாவம் என் வயித்துலதான் வந்து விடியும்.”

அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காகத்தான் கிழவர் வழிவிட்டார். கதவு சாத்தப்பட்டது, அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே ஜெபச் சத்தம் இல்லை. விசும்பலும் இல்லை. ஊர்ப் பெண்கள் போனால் சுவர் அதிரும்படி அழுவார்கள். இவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை மரத்தோடு மரம் உரசியது.

ஃபோஸ்கோவின் கை கதவுக்குப் போயிற்று. நீவெஸ் அதைப் பிடித்துக்கொண்டாள். “முழங்கால் பலகையா இருக்கும். திரும்பாதீங்க மாமா, என் பிள்ளைமேல ஆணை.”

கதவு திறந்தது. நெற்றியெல்லாம் வியர்வை, இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கியபடி கமில்லா வெளியே வந்தாள். அவளை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே பாய்ந்தார் ஃபோஸ்கோ, சுருட்டைக்கூட எடுக்காமல்.

மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நீல அங்கி, மேடிட்ட வயிறு, அதன்மேல் கை. மாதா இருந்த இடத்திலேயே இருந்தாள். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு பிடிப் பஞ்சு இல்லை.

“என்ன பெரியவரே, மாதா இருக்காங்களா, இல்ல காபி குடிக்கப் போயிட்டாங்களா?” என்றான் தாடிக்காரப் பயணி ஒருவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க மாமா” என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னாள் நீவெஸ்.

ஃபோஸ்கோ கமில்லாவை ஏற இறங்கப் பார்த்தார். “வயிறு நிஜம்னா நல்லபடியா பெத்துக்கோ” என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. கமில்லா வயிற்றைத் தாங்கியபடியே பேருந்தில் ஏறினாள். பேருந்து பாலத்தைத் தாண்டி, வளைவில் மறைந்தது.

நீவெஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஃபோஸ்கோவுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் எனக்குப் பிடிக்கல” என்று காறித் துப்பிவிட்டுச் சரிவில் இறங்கி நடந்தார்.

பத்தடி போயிருக்க மாட்டார். பின்னால் கதவு படாரென்று திறந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூக்கைப் பொத்தியபடி வாசலில் நின்றாள் நீவெஸ்.

“மாமா... மாதாமேல புதுப் பெயிண்ட் வாசனை அடிக்குது!”