ஒன்று விட்டு ஒன்று

“துரை, நீங்கள் தலைகீழாக நில்லுங்கள். முன்னால் வந்தவர் நேராக நிற்கிறார்,” என்றாள் பூசணித் தண்டில் ஒரு செல்லுக்குச் சுவர் நெய்துகொண்டிருந்த நெசவுக்காரி.

“வெயிலில் விளைந்தவன் நான். என்னைப் போய்க் கவிழ்ந்து நிற்கச் சொல்கிறாயே!” என்றார், அந்தச் சுவருக்கான நூலில் அடுத்த கண்ணியாகச் சேர வந்த குளுக்கோஸ் மூலக்கூறான சர்க்கரையார்.

“எல்லாரும் நேராக நின்றால் நூல் சுருண்டுகொள்ளும். உங்கள் கௌரவத்துக்காகச் சுருட்டை நூலில் சுவர் நெய்ய முடியாது.”

வேர் அனுப்பிய தண்ணீர் ஏற ஏற, செல் விம்மியது. இந்த இழை முடியாவிட்டால் அது வெடித்துவிடும். ஆனாலும் நெசவுக்காரி கெஞ்சவில்லை. அவள் கெஞ்சி எந்த நூலும் நீண்டதில்லை.

“வழியை விடுங்கள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்,” என்றாள்.

சர்க்கரையார் எட்டிப் பார்த்தார். வரிசை நீளமாகத்தான் இருந்தது. சட்டென்று கவிழ்ந்து முன்னவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அடுத்து வருபவருக்குக் கை நீட்டினார்.