எது கனம்?

ஷோரூமில் நின்ற எஸ்யூவியைக் கணவனும் மனைவியும் மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தார்கள்.

"இதை நம்பி சேத்துல, ஆத்துல எல்லாம் இறங்கலாமா தம்பி?" என்றார் கணவர்.

"கண்ண மூடிக்கிட்டு இறங்கலாம் சார்!" என்றான் சேல்ஸ்மேன்.

"அடுத்த மாசம் வரப்போற மாடல்?" என்றாள் மனைவி.

"யாருமே போகாத இடத்துக்கெல்லாம் போகலாம் மேடம். புக்கிங் பிச்சிக்கிட்டுப் போகுது!"

"எடை?" என்றாள் மனைவி.

"இதைவிடக் கால் டன் கூட."

கணவர் முகம் மலர்ந்தது. "நான் சொல்லல? நம்ம பழசு தாங்காது. பெருசாவே வாங்கிடலாம்."

"அப்ப புது மாடலையே புக் பண்ணிடட்டுமா சார்?"

"அட, நாங்க கார் வாங்க வரல தம்பி. சேத்துல மாட்டுற வண்டிய இழுக்குற கிரேன் வச்சிருக்கோம். அடுத்த கிரேன் எவ்வளவு பெருசா வாங்கறதுன்னு பார்க்க வந்தோம்."

மனைவி ஒரு கட்டு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள். "வண்டி வாங்குறவங்ககிட்ட சாவியோட சேர்த்து இதையும் குடுத்துடுங்க."