கோடு தெரியணும்

"கறுப்பா?" கடைக்காரரின் கை பாதியில் நின்றது. "உங்க டைல்ஸ் என்ன நிறம்னு சொன்னீங்க?"

"வெள்ளை" என்றாள் மனைவி.

பக்கத்தில் நின்ற கணவனுக்குத் தலை சுற்றியது. சமையலறைத் தரையில் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. இடுக்கை அடைக்கக் கிரவுட் வாங்க வந்தால் இத்தனை சங்கதி இருக்கும் என்று யார் கண்டது? சிமென்ட் கிரவுட், எபாக்ஸி கிரவுட், மணல் கலந்தது, கலக்காதது... எபாக்ஸி என்றால் எண்ணெய்க் கறை பிடிக்காது என்பதுவரை ஒருவழியாக மண்டையில் ஏறியது. இப்போது நிறத்தில் வந்து வண்டி நின்றுவிட்டது.

"மேடம், வெள்ளைக்கு வெள்ளை போட்டா இடுக்கே தெரியாது. தரை ஒரே கல்லு மாதிரி இருக்கும்."

"இல்லைங்க, எனக்குக் கோடு நல்லாத் தெரியணும்."

"அழுக்குத் தெரியக் கூடாதுன்னா சாம்பல் நிறம்கூட..."

"கறுப்பே கொடுங்க."

கடைக்காரர் கணவனைப் பார்த்தார். கணவன் கூரையைப் பார்த்தான்.

இவளுக்கு என்னதான் ஆச்சு? டைல்ஸ் எடுக்கும்போதும் இதே கூத்து. அவன் ஆசையாகக் காட்டிய பெரிய டைல்ஸை ஒதுக்கிவிட்டு, "ஒரு அடி டைல்ஸ்தான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். தலையணை உறைக்குக்கூடப் பொருத்தம் பார்க்கிறவள்!

வீட்டில் டப்பாவைத் திறந்த மேஸ்திரி, "சார், கடையில மாத்திக் கொடுத்துட்டாங்க போல" என்றார்.

"மாத்தலை. அதேதான்."

"கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்குமே சார்! தயவுசெஞ்சு நான் போட்டேன்னு வெளியில சொல்லிடாதீங்க."

அவன் கூடத்துக்குப் போனான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீயாவது அவகிட்ட சொல்லேன்."

"அவ இஷ்டப்படி போடட்டும்டா" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிவு அவனைச் சுட்டது. இவர்களோடு வந்து தங்கியதிலிருந்து அம்மா சமையலறைக்குள் போவதேயில்லை. வாசல்வரை போவாள், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். கேட்டால், "சும்மாதாண்டா" என்பாள். மருமகள் முகத்துக்குப் பயந்துதான் நிற்கிறாள் என்பது அவன் முடிவு.

மேஸ்திரி போனதும் மனைவியிடம் வெடித்தான். "அம்மா ஏற்கெனவே உனக்குப் பயந்து உள்ளே கால் வைக்கிறதில்லை. இப்போ கறுப்புல கோடு வேறயா? இதைத் தாண்டி வராதேன்னு சொல்லவா?"

அவள் முகம் சுண்டிப்போனது. என்னமோ சொல்ல வாயெடுத்தவள், அம்மா இருந்த பக்கம் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

கிரவுட் நன்றாகக் காய்ந்து, தரையில் நடக்கலாம் என்றான ஒரு காலையில், அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். வழக்கம்போல நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கோட்டைப் பாருங்க. அதைத் தாண்டுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அம்மா குனிந்து பார்த்தாள். வலது கால் எழும்பிக் கறுப்புக் கோட்டைத் தாண்டியது. அடுத்த கோட்டை இடது கால். அப்படியே ஒவ்வொரு கோடாகத் தாண்டி அடுப்பருகே போய்விட்டாள். மாமியாரும் மருமகளும் கையைக் கோத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "என்ன நடக்குது இங்கே?"

மனைவி மாமியாரைப் பார்த்தாள். மாமியார், "இனிமே சொல்லு" என்பதுபோல் தலையசைத்தாள்.

"அத்தைக்கு நரம்புக் கோளாறுங்க. நடக்கும்போதே கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுது. வாசல்கிட்ட வந்தா இன்னும் ஜாஸ்தி. மாத்திரை சாப்பிடுறாங்க. தரையில கோடு தெரிஞ்சா, அதைப் பார்த்துக் காலெடுத்து வைக்க வரும்னு டாக்டர் சொன்னார்."

"டாக்டர்கிட்ட போனீங்களா? எப்போ?"

"கடைக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போவோமே, அப்போ."

"பெத்த பிள்ளைகிட்ட மறைக்கிற அளவுக்கு என்னம்மா?" அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "அவளுக்குப் பயந்து நிக்கிறேன்னுல்ல நினைச்சேன்!"

"அவளுக்கு நான் எதுக்குடா பயப்படணும்?" அம்மா அடுப்பைப் பற்றவைத்தபடியே சொன்னாள். "உனக்குத்தான் பயந்தேன். விஷயம் தெரிஞ்சா, பாசத்துல என்னை நாற்காலியை விட்டே எழுந்திருக்க விட்டிருக்க மாட்டியே!"