ஏசுராஜ் ஓடிப்போன செவ்வாய்க்கிழமை

"இன்னா ஏசுராஜு, இன்னிக்காவது உள்ள போவியா? இல்ல, அன்னிக்கு மாதிரி ஓடிடுவியா?"

ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஏசுராஜ் சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

நானும் அவனும் ஊரூர் குப்பத்தில் ஒரே படகு. ஒரே வருஷத்தில் இரண்டு பேருக்கும் இடுப்பில் டிஸ்க் பிதுங்கியது. இலவச முகாமில் ஆபரேஷனுக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அது அவனுக்குக் கிடைத்தது. வார்டில் சேர்ந்தவன், செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். அவன் இடத்தில் என்னைப் படுக்க வைத்தார்கள்.

ஓடினதுகூடப் பரவாயில்லை. நான் எழுந்து நடப்பேனா என்று கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. பழவேற்காட்டில் தங்கச்சி வீட்டில் போய்ப் பதுங்கிக்கொண்டான். திரும்பி வர ஒன்றரை வருஷம்.

அதை மறக்கிற ஆள் நானில்லை. குப்பத்தில் நாலு பேர் கூடினால் 'கத்தியைப் பார்த்து ஓடினவன்' கதையை நான்தான் எடுத்துவிடுவேன்.

இப்போது, ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் செய்யாதவர்களும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

டாக்டர் நீரஜா எங்களை நடக்கவிட்டார். குதிகாலில், பிறகு விரல் நுனியில். ஸ்கேன் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இப்ப கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கீங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாம்மா நியாயம் இது? கத்தி பட்டவன் நானு, ஓடினவன் இவன். ரெண்டும் ஒண்ணா? அப்ப நான் சும்மா அறுத்துக்கினேனா?"

"இல்ல பக்கிரி ஐயா. அவருக்கு அப்ப வலி மட்டும்தான். நிறைய பேருக்கு அது போகப்போகக் குறைஞ்சிடும். உங்களுக்குப் பாதமே தொங்கிப் போச்சு. அன்னிக்கு விட்டிருந்தா, இந்தக் கால் இப்படித் திரும்பியிருக்குமான்னு சொல்ல முடியாது."

என் வலது பாதத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாகப் படகில் முட்டுக் கொடுத்து வலை இழுக்கிற கால். விரலை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. ஏதோ முதல் முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது.

"எனக்கு ஆண்டவன் காட்டின வழி. இவனுக்கு அதிர்ஷ்டம். சும்மா கெடந்தே சரியாயிட்டான்" என்றேன்.

"சும்மாவா? ஒரு வருஷம் செவுத்தப் புடிச்சுக்கிட்டுதான் நின்னேன்னு சொல்லியிருக்காரே!"

"வுடு தாயி. அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றான் ஏசுராஜ்.

"ஏன் ஆபரேஷன் வேணாம்னு போனீங்கன்னு நான் எழுதியாகணுமே" என்று பழைய ஃபைலைப் புரட்டினார் டாக்டர். ஒரு தாளில் அவர் கை நின்றது. ஏசுராஜ் எட்டிப் பிடுங்கப் பார்த்தான். முடியவில்லை.

தாளின் அடியில் அவன் கைநாட்டு. அவன் சொல்லச் சொல்ல நர்ஸ் யாரோ எழுதியிருந்ததை டாக்டர் மெதுவாகப் படித்தார்:

"'என் எடத்தப் பக்கிரிக்குக் குடுங்க. அவன் கால் தாங்காது. கேட்டான்னா, நான் பயந்துகினு ஓடிட்டேன்னு சொல்லிடுங்க.'"